காசு கொடுத்தும் சொந்தமில்லை: திருநெல்வேலியிலிருந்து ஒரு வீடியோ கேம் வரலாறு

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் தெரியும்தானே? மரத்தைக் கடைந்து, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அரக்கு வண்ணம் ஏற்றி, குட்டி அடுப்பு, குட்டிக் குடம், குட்டி உரல் என்று செய்து விற்பார்கள். தாமிரபரணிக் கரையில் பிறந்த பிள்ளைகள் பாதிப் பேர் அதில் சோறு பொங்கி விளையாடித்தான் வளர்ந்திருப்பார்கள். ஆச்சி விளையாடிய சொப்பை எடுத்துப் பேத்தி விளையாடுவாள். விற்ற கடைக்காரர் பத்து வருஷம் கழித்து வீட்டுக்கு வந்து, "நாளையிலிருந்து இந்தச் சொப்பு வேலை செய்யாது" என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை!

வீடியோ கேமில் அந்தச் சரித்திரம் நடந்துகொண்டிருக்கிறது. முப்பது வருஷமாக கேம் ஆடுகிற எந்த அண்ணனிடம் வேண்டுமானாலும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "இப்ப வர்ற கேம் எல்லாம் கேமாலே? எல்லாம் காசு புடுங்குற வேலை" என்றுதான் ஆரம்பிப்பார். இது வெறும் வயசான புலம்பலா, இல்லை அதில் நியாயம் இருக்கிறதா? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

கேசட் காலம்

உலகத்தில் வீடியோ கேம் வியாபாரமாக மாறியது 1970களில். அடாரி நிறுவனத்தின் 'பாங்' 1972-ல் வந்தது. காசு போட்டு ஆடும் பெட்டி அது. 1978-ல் ஜப்பானில் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அந்தப் பெட்டிகளை உலகமெல்லாம் கொண்டு போனது. 1983 ஜூலையில் நிண்டெண்டோ ஜப்பானில் 'ஃபேமிகாம்' என்ற வீட்டு கேம் கருவியை விற்க ஆரம்பித்தது. மாரியோ (1985), கான்ட்ரா எல்லாம் அதன் புண்ணியத்தில் வீட்டுக்குள் வந்தவை.

நம் ஊருக்கு அசல் கருவி எப்படி வரும்? இறக்குமதி வரி அப்படி. சேகா நிறுவனம் 1995-ல் ஷா வாலஸ் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து 'மெகா டிரைவ்' கருவியை இந்தியாவில் விற்றதே 80 சதவீத இறக்குமதி வரியிலிருந்து தப்பத்தான். அப்படித் தப்பியும் விலை 18,000 ரூபாய்! 1995-ல் 18,000 ரூபாய் என்றால் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் பல மாதச் சம்பளம்.

அதனால் இங்கே வந்ததெல்லாம் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டிகள். டிவி ஆன்டெனா பின்னைப் பிடுங்கிச் சொருகி, சேனலைத் திருகித் திருகிப் படம் வரவழைத்து, 'கேசட்' போட்டு ஆடுவது. கேசட் மேல் '9999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் மொத்தமே பத்து இருபது கேம்தான் இருக்கும். மிச்சமெல்லாம் அதே கேம் வேறு பெயரில்! ஆக, வாங்குகிறவனை ஏமாற்றும் வேலை நேற்று ஆரம்பித்ததல்ல. இதை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும்.

காசு போடும் பெட்டிகளும் ஒன்றும் யோக்கியமில்லை. மூன்று நிமிஷத்தில் ஆட்டக்காரன் சாக வேண்டும், அடுத்த காசைப் போட வேண்டும் என்று கணக்குப் போட்டே கஷ்டத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். பெட்டியில் போட்ட காசு கண்ணுக்குத் தெரியும். பை காலியானால் ஆட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் இருந்த கேசட்டுக்கோ ஒரு தடவை கொடுத்த காசுதான். அதற்குப் பிறகு அது அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து எதிர்வீட்டுக்கும் போகும். யாரும் கேட்க மாட்டார்கள்.

சிடி காலம்

2000-ஐ ஒட்டி ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. மணிக்கு 20, 30 ரூபாய். 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பெயர் வாங்கிய பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்கா பஞ்சம்? மெயில் பார்க்க வருகிறவர்கள் பாதி, 'கவுண்டர் ஸ்டிரைக்' ஆட வருகிறவர்கள் பாதி. "ஏலே, ஒரு மணி நேரம் முடிஞ்சுட்டு, எந்தி" என்ற குரல் கேட்கும் வரை எழுந்திருக்க மாட்டார்கள். வீட்டில் சிஸ்டம் வாங்கியவர்கள் 'ரோட் ராஷ்', 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்', 'வைஸ் சிட்டி' என்று சிடி மாற்றிக்கொண்டார்கள்.

அந்தக் காலத்து சட்டக் கதை ஒன்று காமர்ஸ் மாணவர்களுக்குப் பிடிக்கும். கடையில் சிடியாக விற்கும் மென்பொருள் 'சரக்கா' இல்லையா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு என்பது வழக்கின் பெயர். 2004 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு சொன்னது: சிடியில் பதிந்து கடையில் விற்கும் மென்பொருள் சரக்குதான், விற்பனை வரி உண்டு.

வரிக்காக வந்த தீர்ப்பு என்றாலும் அதற்குப் பின்னால் ஒரு சாதாரண அறிவு இருக்கிறது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி விற்பனை என்றால் என்ன? விலையை வாங்கிக்கொண்டு பொருளின் உடைமையை மாற்றிக் கொடுப்பது. சிடி கைக்கு வந்தால் அது வாங்கியவன் சொத்து. விற்ற கம்பெனி திவாலானாலும் சிடி ஓடும். இந்த சாதாரண அறிவுக்குத்தான் பிறகு ஆபத்து வந்தது.

2006: ஒரு குதிரையும் ஒரு மட்டையும்

மாற்றம் ஆரம்பித்த வருஷம் எது என்று கேட்டால் பலரும் 2006-ஐச் சொல்வார்கள். அந்த வருஷம் ஏப்ரலில் பெதெஸ்டா நிறுவனம், ஏற்கெனவே முழு விலைக்கு விற்ற 'ஆப்லிவியன்' என்ற கேமில் குதிரைக்கு ஒரு கவசத்தைத் தனியாக 2.50 டாலருக்கு விற்றது. கதையில் ஒரு புதுப் பகுதி கூட இல்லை, குதிரைக்கு ஒரு சட்டை, அவ்வளவுதான்! ஆட்டக்காரர்கள் கேலி செய்தார்கள். கேலி செய்துகொண்டே நிறையப் பேர் வாங்கினார்கள். கம்பெனிகள் கேலியை விட்டுவிட்டு விற்பனையை மட்டும் கவனித்தன.

அதே வருஷம் நவம்பரில் ஈஏ நிறுவனம் 'கிரிக்கெட் 07' வெளியிட்டது. கனடாவின் ஹெச்பி ஸ்டூடியோஸ் செய்தது. ரிச்சி பெனோவும் மார்க் நிக்கலஸும் வர்ணனை. உரிமம் இல்லாததால் இந்திய அணியில் வீரர்களின் உண்மைப் பெயர்கள் கூட இருக்காது. ஆனாலும் நெல்லையிலிருந்து நாக்பூர் வரை பையன்கள் அதைத் தேய்த்து எடுத்தார்கள். அதுவே ஈஏ-வின் கடைசி கிரிக்கெட் கேம்!

பிறகு நடந்ததுதான் அதிசயம். ஆட்டக்காரர்களே பெயர்களைத் திருத்தினார்கள், சட்டை மாற்றினார்கள், மைதானம் செய்தார்கள். 2008-ல் ஐபிஎல் வந்ததும் அதற்கும் 'பேட்ச்' போட்டார்கள். கம்பெனி கைவிட்ட கேமை ஊர் கூடி வளர்த்தது. அது எப்படி முடிந்தது? கேம் முழுசாக அவரவர் கணினியில் இருந்தது, திறந்து பார்க்க முடிந்தது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு வந்த பெரிய கிரிக்கெட் கேம்களின் நிலைமையையும் பாருங்கள். 2013 நவம்பரில் 'ஆஷஸ் கிரிக்கெட் 2013' இணையக் கடையில் விற்பனைக்கு வந்தது. ஓட்டை உடைசல் தாங்காமல் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. முடிக்காத கேமை விற்றுவிட்டுப் பிறகு இணையத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்ற பழக்கம் தொற்றிக்கொண்ட காலம் அது. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' கூட சோனியின் கடையிலிருந்து மாதக்கணக்கில் எடுக்கப்பட்டது. கேசட்டில் தப்பு இருந்தால் திருத்தவே முடியாது. அதனால் முடித்துவிட்டுத்தான் விற்றார்கள். இணையம் வந்ததும் அந்தப் பயம் போய்விட்டது.

கரண்ட் இல்லாத ஊரும் எப்போதும் ஆன்லைனும்

2013 மார்ச்சில் ஈஏ 'சிம்சிட்டி' என்ற பழைய கேமின் புதுப் பதிப்பை வெளியிட்டது. தனியாக ஆடுகிற நகரம் கட்டும் விளையாட்டு. ஆனால் இணையம் இருந்தால்தான் ஓடும். வெளியான அன்றே சர்வர் திணறியது. காசு கொடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். இணையமில்லாமல் ஆடும் வசதி வர முழுசாக ஒரு வருஷம் ஆனது.

அதே சமயம் நம் ஊர் நிலைமை என்ன? 2012, 2013-ல் தமிழக மாவட்டங்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. கூடங்குளம் இருக்கிற திருநெல்வேலி மாவட்டமும் இருட்டில்தான் இருந்தது. கூடங்குளத்து முதல் உலை மின் தொகுப்பில் இணைந்ததே 2013 அக்டோபரில். கரண்ட் வரும் நேரம் பார்த்து, சேவ் பண்ணிப் பண்ணி ஆடியவர்களுக்கு 'எப்போதும் ஆன்லைன்' என்பது யாருக்காக எழுதப்பட்ட விதி? கலிபோர்னியாவில் உட்கார்ந்து போட்ட கணக்கில் திருநெல்வேலி இல்லவே இல்லை.

'இலவசம்' வந்த கதை

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா சல்லிசானது. கணினியே தொடாத பையன்கள் கையில் போன் இருந்தது. 2018-ல் 'பப்ஜி மொபைல்' இறங்கியது. வீட்டுத் திண்ணை, பஸ் ஸ்டாண்டு, ஹாஸ்டல், எங்கே பார்த்தாலும் தலை குனிந்த கூட்டம். ஒரு பைசா வேண்டாம், இலவசம்!

இலவச கேமுக்கு வருமானம் எங்கிருந்து? உடை, துப்பாக்கி நிறம், 'பாஸ்', அதிர்ஷ்டப் பெட்டி. பெரும்பாலோர் ஒன்றும் வாங்க மாட்டார்கள். சிலர் கொஞ்சம் வாங்குவார்கள். மிகச் சிலர் அளவில்லாமல் வாங்குவார்கள். அந்த மிகச் சிலரை நம்பியே முழு வியாபாரமும் நிற்கிறது. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று தெரியாமலே காசு கட்டும் முறைக்கு 'லூட் பாக்ஸ்' என்று பெயர். இதில் லாட்டரி வாசனை அடிக்கிறதா? பெல்ஜியத்துக்கும் அடித்தது. 2018 ஏப்ரலில் அந்த நாட்டுச் சூதாட்ட ஆணையம் இதைச் சூதாட்டம் என்றே சொன்னது.

அதற்குச் சில மாதம் முன்பு, 2017 நவம்பரில், 60 டாலர் கொடுத்து வாங்கிய 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2' கேமில் டார்த் வேடர் போன்ற பாத்திரங்களைத் திறக்கவே பல பத்து மணி நேரம் உழைக்க வேண்டும் என்று தெரிந்து ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். முழு விலையும் வேண்டும், பெட்டிக் காசும் வேண்டும் என்றால் எப்படி?

இங்கே காமர்ஸ் பாடப்புத்தகத்தைத் திறக்க வேண்டிய இடம் வருகிறது. 'மோஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ்', 1903, பிரிவி கவுன்சில். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வழக்கு! 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் அப்பா போனில், அப்பா கணக்கில், ஒரு விரல் தட்டலில் பெட்டி வாங்கும் எட்டாம் வகுப்புப் பையனை எந்தப் பிரிவில் சேர்ப்பது? அமெரிக்காவில் 2022 டிசம்பரில் 'ஃபோர்ட்நைட்' நடத்தும் எபிக் கேம்ஸ், அரசின் வர்த்தக ஆணையத்தோடு 52 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதில் 24.5 கோடி டாலர், தெரியாமல் வாங்க வைக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தருவதற்காக. இங்கே அப்பா பெல்ட்டை எடுப்பதோடு வழக்கு முடிந்துவிடுகிறது.

பிறகு தடைகள் வந்தன. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் அதை 'பிஜிஎம்ஐ' என்று புதுப் பெயரில் கொண்டுவந்தது. பழைய கணக்கிலிருந்த பொருள்களை மாற்றிக்கொள்ள வழியும் கொடுத்தது. 2022 ஜூலையில் அதுவும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே கடைசியில்தான் திரும்பியது. 'ஃப்ரீ ஃபயர்' 2022 பிப்ரவரியில் தடையானது. தடை சரியா தப்பா என்பது வேறு விவாதம். கவனிக்க வேண்டியது ஒன்று: அத்தனை தடையிலும் 2006-ல் வாங்கிய 'கிரிக்கெட் 07' சிடிக்கு ஒன்றும் ஆகவில்லை!

கம்பெனி பக்கமும் பேசுவோம்

நியாயமென்றால் இரண்டு பக்கமும் வேண்டும். திருநெல்வேலியில் அந்தக் காலத்தில் கைமாறிய சிடிக்களில் அசல் எத்தனை? மனசாட்சியைத் தொட்டுச் சொன்னால், அசல் சிடியைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. 50 ரூபாய் டூப்ளிகேட்தான் இந்த ஊரின் கேம் கல்வி. அசல் 1,000 ரூபாய்க்கு மேல் விற்றபோது கல்லூரி மாணவனுக்கு வேறு வழியில்லை என்பது காரணம்தான். ஆனால் செய்தவனுக்கு ஒரு ரூபாய் கூடப் போகவில்லை என்பதும் உண்மைதான்.

சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா செய்த 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈஏ விட்டுப்போன இடத்தில், சாதாரண போனிலும் ஓடுகிற கிரிக்கெட்டை நம் ஊர்க்காரர்கள் செய்து காட்டினார்கள். இரண்டாம் பதிப்பு இந்தியா முழுக்கப் பரவியது. விலை? இலவசம். நடுநடுவே விளம்பரம், உள்ளே சிறு விற்பனை. "ஓவருக்கு ஓவர் விளம்பரமாலே?" என்று திட்டுகிற அதே ஆள், 200 ரூபாய் விலை வைத்திருந்தால் வாங்கியிருப்பாரா? கேள்வி கஷ்டமானதுதான். முன்பணம் கொடுக்க மாட்டோம் என்று நாமே சொன்னதால்தான், பின்வாசல் வழியாகப் பணம் எடுக்கும் வழிகளைக் கம்பெனிகள் தேடின.

ஆனால் இந்தச் சமாதானம் பாதி தூரம்தான் வரும். இலவச கேமில் விளம்பரம் வருவது சரி. 4,000, 5,000 ரூபாய் கொடுத்து நேர்மையாக வாங்கிய கேமிலும் பெட்டி விற்பதற்கும், நாலு வருஷத்தில் சர்வரை மூடுவதற்கும் என்ன சமாதானம்? திருடியவன் மேல் உள்ள கோபத்தை வாங்கியவன் மேல் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

சட்டம் எங்கே நிற்கிறது?

தமிழ்நாடு இந்த விஷயத்தில் முன்னால் ஓடிய மாநிலம். ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்தி அடிக்கடி வந்த நேரம். 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021-ல் சட்டத் திருத்தம். அதை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டு, புதுச் சட்டம் வந்தது. ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்பதால் அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. 2025-ல் பணம் கட்டி ஆடுவதற்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை என்ற விதி வந்து, ஜூனில் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராக நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது.

இந்தச் சட்டங்களின் மையம், 'கட்டிய பணத்துக்குப் பதிலாகப் பணம் ஜெயிக்கலாம்' என்ற ஆசை. உயிர்கள் போன விஷயம் என்பதால் அது முதலில் வந்தது நியாயமே. ஆனால் பணம் உள்ளே மட்டும் போய் எப்போதும் வெளியே வராத அதிர்ஷ்டப் பெட்டி, வாங்கிய பிறகு மறைந்து போகும் கேம், இவை அந்த ஆசைக்குள் நேராக வருவதில்லை.

மற்ற இடங்களில் இந்த இரண்டாவது பிரச்சினைக்கும் குரல் வந்துவிட்டது. யுபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ஆம் தேதி மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்களிடமும் கேம் ஓடவில்லை. ராஸ் ஸ்காட் என்பவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று இயக்கம் ஆரம்பித்தார். ஐரோப்பாவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம்: உரிமம் மட்டும் தருகிற இணையக் கடை, அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற வார்த்தையைப் போடக்கூடாது. ஒரு வார்த்தைக்கு ஒரு சட்டம்! ஆனால் முழுப் பிரச்சினையும் அந்த வார்த்தைக்குள்தான் இருக்கிறது.

பழசு போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஆய்வு வெளியிட்டது. பிழைத்திருப்பவற்றில் பல, ஆட்டக்காரர்கள் பெட்டிக்குள் பத்திரப்படுத்தியதால் பிழைத்தவை.

ஆக, பழைய ஆட்டக்காரரின் புலம்பலில் பாதி ஏக்கம், பாதி நியாயம். ஏக்கத்தைக் கழித்துவிடலாம். அந்த 9999 இன் 1 காலம் பொற்காலம் ஒன்றுமில்லை. ஆனால் மிச்சமிருக்கும் பாதி, விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே உள்ள மிகப் பழைய கணக்கு. அடுத்த தடவை யாராவது 'வாங்கு' பொத்தானை அமுக்கும் முன் இரண்டே கேள்வி கேட்டுக்கொள்ளலாம். நெட் இல்லாவிட்டாலும் இது ஓடுமா? கம்பெனி மூடினாலும் இது ஓடுமா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் அது வாடகை. வாடகைக்கு உள்ள விலையைக் கொடுத்தால் போதும், சொந்த வீட்டு விலை எதற்கு?

அம்பாசமுத்திரத்துச் சொப்புக்கு இந்தக் கேள்வியே தேவைப்பட்டதில்லை.